வடக்கன்குளத்துக் கோயிலும் அதன் சுவரும்



அம்பாங்கில் இருந்துகொண்டு, திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஒரு கிராமத்து மாதா கோயிலைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அம்பாங், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்குப் பால் மரம் வெட்ட வந்த நம் முன்னோர், தகரப் பெட்டியில் துணிமணிகளை மட்டும் கொண்டு வரவில்லை. ஊர் வழக்கங்களையும் சேர்த்தே கட்டிக்கொண்டு வந்தார்கள். அவற்றில் நல்லவையும் உண்டு, மற்றவையும் உண்டு. அந்த மற்றவற்றுள் ஒன்று எவ்வாறு கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்றது என்பதை இந்தக் கோயில் காட்டுகிறது.

முதலில், கிறிஸ்துவக் கோயில் ஒன்று பொதுவாக எப்படிக் கட்டப்படும் என்று பார்ப்போம். கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்துப் 'பங்கு' என்பார்கள். அந்த மக்கள் கூடுமிடம் பங்குக் கோயில். நீண்ட மண்டபம் ஒன்று. அதன் ஒரு முனையில் வாசல், மறு முனையில் பலிபீடம். ஐரோப்பாவில் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட கிராமக் கோயில்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. பீடம் கிழக்கே இருக்கும். இங்கிலாந்தில் ஒரு சுவையான ஏற்பாடு இருந்தது. மக்கள் நிற்கும் மண்டபத்தின் கூரை ஒழுகினால் ஊரார் செப்பனிட வேண்டும். பீடமுள்ள பகுதி ஒழுகினால் அது குருவின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே சித்திர வேலைப்பாடு செய்த மரத்தடுப்பு ஒன்று நிற்கும். அந்தத் தடுப்பு குருவையும் மக்களையும் பிரித்தது. ஆனால், தடுப்புக்கு இப்பால் ஊர் முழுவதும் ஒரே மண்டபத்தில்தான் நின்றது. செல்வந்தர் முன்னே இடம் பிடித்திருக்கலாம். எனினும் மண்டபம் ஒன்றே.

இனி வடக்கன்குளத்துக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அதிகத் தொலைவில்லாத ஊர் அது. பனைமரக் காடு, வறண்ட நிலம், ஓயாத காற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அங்கு இயேசு சபைக் குருமார் இருந்தனர். ஊரில் வேளாளக் கிறிஸ்துவர்களும் நாடார் கிறிஸ்துவர்களும் வாழ்ந்தனர். ஞானஸ்நானம் பெற்ற பின்னும் சாதி போகவில்லை. கோயிலுக்குள் யார் எங்கே அமர்வது என்பதில் ஓயாத சச்சரவு.

சச்சரவுக்குக் கண்ட பரிகாரந்தான் 1872-ஆம் ஆண்டில் எழுந்த கோயில். ஒரு மண்டபத்துக்குப் பதில் இரண்டு மண்டபங்கள்! பலிபீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு நீண்ட மண்டபங்கள் கவண்கிளை போல விரிந்து சென்றன. நடுவே சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறு பக்கம் நாடார். மேலே இருந்து பார்த்தால் கால்சட்டையை விரித்துப் போட்டது போன்ற தோற்றம். பிற்காலத்து ஆசிரியர்கள் அப்படித்தான் அதனைக் குறிப்பிடுகிறார்கள். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரு பக்கமும் தெரியும். ஒரு மண்டபத்து மக்களுக்கு அடுத்த மண்டபத்து மக்களைத் தெரியாது. ஒரே பூசை, ஒரே மணியோசை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் முகம் மட்டும் கண்ணில் படக் கூடாது. கட்டடக் கலை என்ற முறையில் இதை வியக்கலாம். இவ்வளவு மூளையை இதற்கா செலவிட்டார்கள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

கோயிலுக்குள் சுவர் எழுப்பியவர்கள் இவர்கள் மட்டுமல்லர். புதுச்சேரி சம்பா கோயிலிலும் ஒடுக்கப்பட்ட மக்களைப் பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்தது. 1745-இல் அந்த மக்கள் முறையிட்டதன் பேரில் குருமார் அதனை இடித்ததையும், அதனால் எழுந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு நூறாண்டுக்கு மேல் கழித்து வடக்கன்குளத்தில் புதுச் சுவர் எழுந்தது என்றால், காலம் ஓடினால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது.

வடக்கன்குளத்துச் சுவர் 1910-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. வேளாளத் தரப்பினர் சும்மா இருக்கவில்லை. தனியிடம் தங்கள் உரிமை, மற்றவர் கலந்தால் தீட்டு என்று வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கிறிஸ்துவர்களாகிவிட்டவர்கள் தீட்டைக் காட்டிக் கோயிலுக்குள் தனியுரிமை கேட்க முடியாது என்று அங்கே தள்ளுபடி ஆனது.

அக்காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைய நாடார்களுக்கு உரிமை இல்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது 1908-இல். மதுரை மீனாட்சியம்மன் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது 1939-இல்தான். இவற்றுக்கு இடையில் ஒரு கிராமத்துச் சுவர் விழுந்திருக்கிறது.

நம் தோட்டங்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள், பள்ளத்தில் லயங்கள். யார் யாருக்கு மேல் என்பதை வாய் திறவாமலே அந்த அமைப்பு சொல்லிவிடும். அது துரைமார் போட்ட படம். ஆனால், சில தோட்டங்களில் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனி லயம் ஒதுங்கி நின்றதே, அதை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் சுமத்த முடியுமா? கங்காணியும் ஊர்ப் பெரியவர்களும் அதை விரும்பித்தான் கேட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பிறகு அந்த லயங்கள் மறைந்தன. கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் அந்த லயத்துக் கணக்கை இன்றும் சிலர் நினைவிலிருந்து எடுக்கிறார்கள்.

வடக்கன்குளத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்டன் என்பவர், டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்துவ நெறியை அறிந்து, 1745 மே மாதம் இந்த ஊரில்தான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்ந்த சாதியில் பிறந்தும் தாழ்த்தப்பட்டோருடன் கலந்து பழகினார். பல வதைகளுக்குப் பின் 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நெடுங்காலம் அவர் பெயரோடு 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. அது கூடாது என்று பலர் ரோமுக்கு எழுதினார்கள். அறிவிப்பு வந்தபோது அதில் தேவசகாயம் என்ற பெயர் இருந்தது, பட்டம் இல்லை.