வார்டும் மனமும் – 11: பெல் அடிக்காத நோயாளி

உடல்நோய் வார்டில் மனச்சோர்வு ஏன் நர்ஸ்களின் கண்ணில் படுவதில்லை என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் நர்ஸ்களுக்கான பயிற்சி பற்றி எழுதுவதாகச் சொன்னேன். அதற்கு முன் கனடாவின் மான்ட்ரியலுக்குப் போயே ஆக வேண்டும்.

அங்குள்ள இதய ஆஸ்பத்திரியில் நான்சி ஃப்ராஷர் ஸ்மித் குழுவினர், மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரிடம் 5 முதல் 15 நாட்களுக்குள் பேசினார்கள். 35 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு. ஆறு மாதத்தில் 12 பேர் இறந்தார்கள்; பன்னிரண்டும் இதயத்தால் நேர்ந்த சாவு. முந்தைய மாரடைப்பு, இதயத்தின் பலவீனம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், மனச்சோர்வு இருந்தவர்களுக்குச் சாவின் அபாயம் நான்கு மடங்குக்கு மேல். 1993-ல் வெளியான ஆய்வு இது.

"ஹார்ட் அட்டாக் வந்தவருக்குக் கவலை இருக்காதா?" என்று எந்த வார்டிலும் கேட்கலாம். இரக்கத்தில் பிறக்கும் வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னதும் தேடல் நின்றுவிடுகிறது. கவலைப்படுபவர் பேத்தி வந்தால் கொஞ்சம் முகம் மலர்வார். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பேத்தி வந்ததும் போனதும் ஒன்றுதான். பெல் அடிக்க மாட்டார், குறை சொல்ல மாட்டார். முப்பது கட்டில்களை ஒருவரே ஓடி ஓடிப் பார்க்கும் நைட் டூட்டியில் அவர்தான் 'தொந்தரவில்லாத பேஷன்ட்'. இதற்கு நர்ஸை மட்டும் குறை சொல்வது அநியாயம்.

அதே ஃப்ராஷர் ஸ்மித் 1985-லேயே வேறொன்றைக் காட்டியிருந்தார். மாரடைப்பு வந்த ஆண்களிடம் மாதாமாதம் போனில் மனநிலை விசாரித்து, தவிப்பு கூடியவர்களின் வீட்டுக்கு நர்ஸ் போனார். இதய மரணங்கள் குறைந்தன. பெண்களையும் சேர்த்து 1,376 பேரிடம் மறுபடி செய்து பார்த்தபோது, 1997-ல் வந்த முடிவில் பலனே இல்லை. பெண்களில் சாவு கூடியதுபோலவே தெரிந்தது! இங்கேயே பலரும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நர்ஸ் ஆராய்ச்சியாளர் சில்வி கோசெட் மூடவில்லை. 2001-ல் அவர் அதே தரவுகளைக் கிளறினார். நர்ஸின் முதல் இரண்டு வருகைகளுக்குப் பின் யாருக்குத் தவிப்பு தணிந்ததோ, அவர்களிடம் இதய மரணம் குறைவாக இருந்தது. காரணம் இதுதான் என்று அதை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனாலும், நர்ஸ் போனாரா என்பதைவிட, போனதால் தவிப்பு தணிந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுகிறது. வீடுவரை போன அந்த நர்ஸ்கள் இதயநோய் வார்டில் தேர்ந்தவர்கள். மனநலத்தில் தனிப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர்.

பயிற்சிக் கதை அங்கேதான் தொடங்குகிறது. அது அடுத்த வாரம்.

அதுவரை, இதைப் படிக்கும் சிஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். பி.பி. பார்க்கும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இந்த ரெண்டு வாரமா எதிலயும் ஈடுபாடு இல்லாம இருக்கா? மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாத மாதிரி இருக்கா?" ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொல்லுங்கள்.