உஷார்! வைரஸ் அடங்கினாலும் ரத்தக்குழாய் கொதிக்கிறது

எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு ரத்தப் பரிசோதனையில் 'வைரஸ் தென்படவில்லை' என்று வந்துவிட்டதா? நல்ல சேதி. ஆனால் அந்தத் தாளை மடித்துப் பையில் வைப்பதற்குள் டாக்டரிடம் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: "என் பி.பி., கொலஸ்ட்ரால் எப்படி இருக்கு?"

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறவர்களுக்கும் அது முழுதாக நீங்குவதில்லை. இது பலருக்குத் தெரியவே தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

ரத்தக்குழாயின் உட்புறம் ஒரே ஒரு செல் கனத்தில் வழவழப்பான பூச்சு உண்டு. குழாய் தளர்வதும் இறுகுவதும் அதன் பொறுப்பு. தொற்றின் ஆரம்பத்திலேயே வைரஸ் குடலில் இருக்கும் காவல் செல்களான சி.டி.4 செல்களைச் சூறையாடிவிடுகிறது. காவல் போன குடலிலிருந்து பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. அவற்றைக் கண்டு வெள்ளணுக்கள் ஓயாமல் கொதிக்கின்றன. வெளியே காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஈரம் ஏறிய சுவர்போல உட்பூச்சு பொருமுகிறது. அந்த இடத்தில் கொழுப்பு படிகிறது. இவர்களிடம் அதிகம் காணப்படுவது கல்லாக இறுகாத மென்மையான படிவு. சட்டென்று வெடித்து, ரத்தம் உறைந்து, குழாயை அடைப்பது பெரும்பாலும் அந்த வகைதான். இதோடு பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"அப்படியானால் மாத்திரையால்தான் இதயம் கெடுகிறதா, நிறுத்திவிடலாமா?" கூடாது, கூடவே கூடாது! பழைய மருந்துகளில் சில கொழுப்பை ஏற்றியது உண்மை. ஆனால் எச்.ஐ.வி. உள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'ஸ்மார்ட்' ஆய்வில், மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களுக்கே மரணமும் இதய நோயும் அதிகம் என்று 2006-இல் தெரிந்தது.

காப்பாற்றிக்கொள்ள வழியும் இருக்கிறது. இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள, 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேரிடம் 'ரிப்ரீவ்' ஆய்வு நடந்தது. கொழுப்பைக் குறைக்கும் பிடவாஸ்டாடின் மாத்திரை தினம் ஒன்று மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 சதவீதம் குறைத்ததாக 2023-இல் முடிவு வெளியானது. நாற்பதைத் தாண்டியவர்கள் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். எச்.ஐ.வி. மருந்தான ரிடோனவிர் சாப்பிடுகிறவர்கள் சிம்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையைச் சேர்த்தால் தசையே சிதையலாம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றுதான் என்னை ரொம்பக் கலங்கடிக்கிறது. ராத்திரியில் நெஞ்சை அழுத்தும், இடது கை கடுக்கும், வேர்த்துக் கொட்டும். "கேஸ்தான்" என்று சொல்லி இளஞ்சிவப்பு கேஸ் மருந்தை இரண்டு மூடி குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். மாரடைப்பாக இருந்தால் பொன்னான நேரம் போச்சு. அதோடு, அந்தக் கேஸ் மருந்திலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் உடம்பில் ஏறாமல் தடுக்கும். கேஸ் மருந்து அவசியம் என்றால், டோலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும்.

நெஞ்சு வலித்தால் உடனே 108. மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டரிடம் மறைக்காமல் காட்டுங்கள். தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. வாசலில் யாராவது முகம் சுளித்தாலும் திரும்பி வந்துவிடாதீர்கள், முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.