சிவப்பு வெளுத்துத் தெரிந்தால்

மலேசியாவில் கோவிட் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24இல் தொடங்கியது. கோவிட் கண்டவர்களில் மிகச் சிலருக்கும், ஊசி போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கும், சில நாட்களிலோ வாரங்களிலோ பார்வை நரம்பு அழற்சி வந்ததாக உலகெங்கும் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊசிதான் காரணமா, தற்செயலா என்பதை ஒருவருடைய அனுபவத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது.

ஆனால் அறிகுறியை வீட்டிலேயே கவனிக்கலாம். கண்ணை அசைத்தால் வலி, ஒரு கண்ணில் மங்கல். ஒவ்வொரு கண்ணாக மூடி குங்குமத்தைப் பார்க்கும்போது, ஒரு கண்ணுக்கு மட்டும் சிவப்பு வெளிறித் தெரிந்தால் அது முக்கியமான எச்சரிக்கை.

பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் மாற்றினால் இது தீராது. அன்றே கண் மருத்துவரையோ மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ நாட வேண்டும்.

வழக்கமான சிகிச்சை, ரத்தநாளம் வழியே அதிக அளவு ஸ்டீராய்டு. சாதாரண அளவு ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் விழுங்கியவர்களுக்கு அழற்சி மீண்டும் வருவது கூடியதை 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்தகத்தில் தாமாகவே மாத்திரை வாங்குவது அதனால்தான் ஆபத்து.

தடுப்பூசியால் நிரந்தர ஊனம் நேர்ந்தது உறுதியானால் 5,00,000 ரிங்கிட் வழங்கும் சிறப்பு நிதியையும் மலேசிய அரசு 2021இல் அறிவித்தது.