கிண்ணத்தின் முன் நின்றும் குனிய மறுக்கும் நாய்... கழுத்தைக் கவனியுங்கள்!

பசியோடு வந்து நிற்கும். வாலும் ஆடும். ஆனால் தலையைக் குனியாது. கிண்ணத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தால் மளமளவென்று சாப்பிடும். 'ரொம்பத்தான் செல்லம் கொஞ்சுது' என்று வீட்டில் சிரிப்பார்கள். அது கழுத்து வலியாக இருக்கலாம்.

நாய்க்கும் நம்மைப் போலவே கழுத்தில் 7 எலும்புகள். இடையில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கினால் தண்டுவடம் அழுந்தும். டேஷ்ஹண்ட், பீகிள் போன்ற இனங்களில் டிஸ்க் சிறு வயதிலேயே இறுகிவிடும். ஒருநாள் சட்டெனப் பிதுங்கும். டாபர்மேனுக்கு நடுத்தர வயதுக்கு மேல், மெள்ள மெள்ள வரும். பின்னங்கால் தள்ளாடும், நகம் தரையில் தேயும். காலில்தான் கோளாறு என்று நினைப்போம். ஆனால், சிக்கல் கழுத்தில்!

வலி மட்டும்தான், நடை கெடவில்லை என்றால் பெரும்பாலும் மருந்தும், சுமார் 4 வாரம் கூண்டுக்குள் ஓய்வும் போதும். வலி குறைந்ததுமே துள்ள விடுவதுதான் ஆபத்து. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைத் தரவே கூடாது. இப்யூப்ரோஃபென் நாய்க்கு விஷம்.

மருந்துக்கு அடங்காத வலி, திரும்பத் திரும்ப வரும் வலி, தள்ளாட்டம். இவை இருந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். சாதாரண எக்ஸ்-ரேயில் தண்டுவடம் தெரியாது. எம்.ஆர்.ஐ அவசியம், அதற்கும் மயக்க மருந்து வேண்டும்.

நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, தொண்டைப் பக்கம் கீறுவார்கள். பதற வேண்டாம், காரணம் இருக்கிறது. பிடரி வழியே போனால் தண்டுவடம் குறுக்கே நிற்கும். டிஸ்க் இருப்பது அதற்குக் கீழே. மூச்சுக்குழாய், உணவுக்குழாயை ஒதுக்கிவிட்டு, எலும்பில் சிறு பள்ளம் குடைந்து, பிதுங்கியதை எடுப்பார்கள். பள்ளத்தின் அகலம் எலும்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். தாண்டினால் எலும்பு நிலைகுலையலாம். பக்கவாட்டில் ரத்த நாளங்களும் உண்டு. கீறிவிட்டால் ரத்தம் கொட்டும்.

டாபர்மேன் வளர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த இனத்துக்கு இதயத் தசை நோயும், ரத்தம் உறையாத பரம்பரைக் குறையும் அதிகம். கத்தி வைக்கும் முன் இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வலி மட்டும் இருந்த நாய்கள் சில நாள்களிலேயே தெளிந்துவிடும். நடக்க முடியாதவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். நெடுநாள் நசுங்கிய தண்டுவடம் முழுமையாகத் திரும்பும் என்று எந்த மருத்துவராலும் உறுதி தர முடியாது. அதனால், நாய் எழவே முடியாமல் படுத்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றே தூக்கிச் செல்லுங்கள். இனிமேல் கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சில் மாட்டும் ஹார்னஸ்தான்.