இலங்கை அரசியலமைப்பில் மக்கள் தீர்ப்புக்குரிய பொருள்கள்: 83ஆம் உறுப்புரையும் மொழி ஏற்பாடுகளும்

எப்பொருளை மக்களின் நேரடி வாக்குக்கு விடலாம், எதனை விட்டே ஆகவேண்டும் என்பன வெவ்வேறு வினாக்கள். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இவ்விரண்டுக்கும் தனித்தனியே விடை தருகிறது. (தமிழகத்தில் ‘பொதுவாக்கெடுப்பு’ எனப்படுவது அதன் தமிழ் வாசகத்தில் ‘மக்கள் தீர்ப்பு’ எனப்படுகிறது.)

முதல் வினாவுக்கான விடை மிக விரிந்தது. தேசிய முக்கியத்துவம் உடையதெனச் சனாதிபதி கருதும் எப்பொருளையும் மக்கள் தீர்ப்புக்கு விட 86ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. ஆயின் அதன் முடிவு சட்டமாகும் என அது கூறவில்லை.

இரண்டாவதன் விடை 83ஆம் உறுப்புரையில் உள்ள பட்டியல். 1, 2, 3, 6, 7, 8, 9, 10, 11 ஆகிய உறுப்புரைகளையோ 83ஆம் உறுப்புரையையோ மாற்றவும், சனாதிபதி, நாடாளுமன்றம் ஆகியவற்றின் பதவிக்காலத்தை ஆறாண்டுக்கு மேல் நீட்டவும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு மக்கள் ஒப்புதலும் வேண்டும். இதுவரை நடந்த ஒரே மக்கள் தீர்ப்பு இக்கடைசி வகையினது. 1982 டிசம்பர் 22இல், பொதுத்தேர்தலுக்கு மாற்றாக நாடாளுமன்றத்தின் காலத்தை நீட்ட 54.66 விழுக்காட்டினர் இசைந்தனர். வாக்காளரின் உரிமையைக் காக்க வைத்த ஏற்பாடு, அவர்களது அடுத்த தேர்தலையே ஒத்திவைக்கப் பயன்பட்டது.

பட்டியலில் இல்லாதவையும் கருதத்தக்கன. ஒற்றையாட்சி (2), பௌத்தத்துக்கான முதன்மை இடம் (9), தேசியக் கொடி (6), தேசிய கீதம் (7) ஆகியவை உள்ளன. சமத்துவம் (12), ஆட்சிமொழி (18) ஆகியவை இல்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் ஆட்சிமொழியாகும் என 18ஆம் உறுப்புரையில் சேர்த்தபோது மக்கள் தீர்ப்புத் தேவைப்படாமைக்கு இது ஒரு காரணம். அன்று உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளிடையே பிளவை உண்டாக்கியது மாகாண சபைகள் ஒற்றையாட்சியைக் குலைக்குமா என்பதே. தேவையில்லை என நால்வரும், தேவை என நால்வரும் நிற்க, சில கூறுகளை மாற்றினால் தேவையில்லை என்ற ஒருவரின் கருத்தே முடிவைத் தந்தது.

மக்களைக் கேளாமல் சேர்த்ததை அவ்வாறே நீக்கவும் கூடும். இறைமையில் அடிப்படை உரிமைகளும் அடங்கும் என்னும் 3ஆம் உறுப்புரையின் வழியே நீதிமன்றம் சமத்துவத்தைக் காக்க இயலும். ஆட்சிமொழி அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயத்தில் இல்லை; அதற்கு அவ்வழி குறுகியதாகவே எனக்குத் தோன்றுகிறது.