கார் ஷோரூமை நம்பலாமா? 'ஆன்-ரோடு' விலை முதல் சர்வீஸ் பில் வரை... நம்பிக்கை உடைவது எங்கே, உருவாவது எப்படி?

சொந்த வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் அதிகப் பணம் போட்டு வாங்கும் பொருள் பெரும்பாலும் கார்தான். ஷோரூமுக்குள் கால் வைத்ததும் "வாங்க சார், வாங்க மேடம், காபியா டீயா?" என்று உபசரிப்பு. டெலிவரி அன்று மாலை, கேக், அட்டையில் செய்த பெரிய சாவி, குடும்பத்தோடு போட்டோ. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, கார் வெளியே வருகிறது.

மூன்று மாதம் கழித்து கதவில் 'கடகட' சத்தம் என்று போனால் அதே உபசரிப்பு இருக்குமா? பல வாடிக்கையாளர்களின் ஆதங்கமே இதுதான். "வாங்குற வரைக்கும்தான் மரியாதை" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு பக்கம், அப்பா வாங்கிய ஷோரூமிலேயே மகனும் மருமகளும் கார் வாங்கும் குடும்பங்களும் உண்டு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஷோரூமுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

10 லட்சம் ரூபாய் கார் விற்றால் ஷோரூம் முதலாளிக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று நினைப்போம். உண்மையில் புது கார் விற்பனையில் டீலருக்கு நிற்கும் லாபம் குறைவு. கார் நிறுவனம் தரும் சிறிய மார்ஜினில்தான் ஷோரூம் வாடகை, ஊழியர் சம்பளம், ஸ்டாக் வாங்கிய கடனுக்கு வட்டி, வாடிக்கையாளருக்குத் தரும் தள்ளுபடி எல்லாம்.

அதனால் டீலர்கள் நம்பி இருப்பது வேறு நான்கு வழிகளை:

- இன்சூரன்ஸ் விற்பனை
- வங்கிக் கடன் ஏற்பாடு
- சீட் கவர், மேட், கேமரா போன்ற ஆக்சஸரீஸ்
- சர்வீஸ் மற்றும் உதிரிபாகங்கள்

இந்தக் கணக்குதான் பிரச்சினைக்கும் காரணம், தீர்வுக்கும் காரணம். முதல் மூன்றில் டெலிவரி நாளுக்குள்ளேயே எவ்வளவு கறக்க முடியுமோ கறந்துவிடலாம் என்று நினைத்தால் வாடிக்கையாளர் கடுப்பாகிறார். நான்காவதில் பல வருடம் சம்பாதிக்க வேண்டும் என்றால் அதே வாடிக்கையாளர் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதற்கு நம்பிக்கை வேண்டும்.

'ஆன்-ரோடு எவ்ளோ வருது?'

நம்பிக்கைக்கு முதல் சோதனை இந்தக் கேள்விதான். விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை. அதற்கு மேல் சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்ந்ததுதான் ஆன்-ரோடு விலை. இதைத் தனித்தனி வரியாகப் பிரித்துக் காட்டும் ஷோரூம் முதல் மதிப்பெண் வாங்கிவிடுகிறது. மொத்தமாக ஒரே எண்ணைச் சொல்லி, "எல்லாம் சேர்த்துதான் சார்" என்றால் உஷார்.

சாலை வரி: தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, கார் விலை 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. இதில் 10 லட்சம் என்ற கோடு ரொம்ப முக்கியம். 9.90 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சம் ரூபாய் காருக்கு 1,81,800 ரூபாய். கார் விலையில் வித்தியாசம் 20,000தான், வரியில் வித்தியாசம் 53,100. "சார், அடுத்த வேரியன்ட் போனா வரி இவ்ளோ ஏறும், யோசிச்சுக்கோங்க" என்று முன்கூட்டியே சொல்லும் விற்பனையாளரை எந்தக் குடும்பமும் மறக்காது.

டிசிஎஸ்: 10 லட்சம் ரூபாய்க்கு மேல் உள்ள கார்களுக்கு 1% வரி ஷோரூமிலேயே பிடிக்கப்படும். இது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய தொகை. இதைச் சொல்லாமல் விட்டால், பலர் அதைத் திரும்பப் பெறாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ்: காரை யார்டில் இருந்து ஷோரூமுக்குக் கொண்டு வந்த செலவு என்று சிலர் சேர்க்கும் தொகை. இது அரசுக்குப் போகும் பணம் கிடையாது. "இது எதுக்கு?" என்று கேட்டாலே பல இடங்களில் எடுத்துவிடுகிறார்கள். கேட்டவருக்கு ஒரு விலை, கேட்காதவருக்கு ஒரு விலை என்பதே நம்பிக்கையைக் குலைக்கும் விஷயம்.

இன்சூரன்ஸ் அங்கேயே எடுக்கணுமா?

கட்டாயம் இல்லை. டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கென்றே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த விதிமுறைகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதன்படி எந்த நிறுவனத்தில் பாலிசி எடுப்பது என்பது வாடிக்கையாளர் விருப்பம். "இங்க எடுத்தாதான் டெலிவரி" என்று சொல்ல டீலருக்கு உரிமை கிடையாது.

புது காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு 3 வருடத்துக்கு எடுத்தே ஆக வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பர் 1 முதல் இது அமலில் உள்ளது. சொந்த காரின் சேதத்துக்கான காப்பீட்டில்தான் விலை வித்தியாசம் அதிகம். ஒப்பிடும்போது காரின் காப்பீட்டு மதிப்பும் கூடுதல் கவர்களும் இரண்டு பாலிசிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதே நேரம், ஷோரூமில் எடுப்பது எப்போதும் நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. விபத்து நேரத்தில் க்ளெய்ம் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வது பலருக்கு நிம்மதி. இரண்டு விலையையும் காட்டி, "வெளியில இவ்ளோ, எங்ககிட்ட இவ்ளோ, எங்ககிட்ட எடுத்தா இந்த வசதி" என்று சொல்லிவிட்டால் கூடுதலாகச் சில ஆயிரம் கொடுக்கக்கூட வாடிக்கையாளர் தயங்க மாட்டார். மறைத்ததுதான் அவரைக் கோபப்படுத்துகிறது.

பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டினால்?

கோவாவில் ஒரு வாடிக்கையாளர் 2011-ல் தயாரான கார் என்று நம்பிப் பணம் கட்டினார். அவருக்குக் காட்டப்பட்டது 2009-ல் தயாரான கார். ஏற்கனவே 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அடிப்பாகத்தில் துரு வேறு. வேறு கார் கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, கார் வாங்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. டீலர் செய்த தவறு கார் தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காத வரை, அந்த நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. டீலரும் தயாரிப்பாளரும் தனித்தனி வணிகர்கள், டீலரின் செயலுக்கு டீலரே பொறுப்பு.

அதாவது, போர்டில் எவ்வளவு பெரிய கம்பெனியின் பெயர் இருந்தாலும், விற்பனையில் நடக்கும் தவறுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் உள்ளூர் டீலர்தான். பிராண்டைப் பார்ப்பது போலவே டீலரையும் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

டிசம்பர் கடைசியில் வரும் பெரிய தள்ளுபடிகளில் இது இன்னும் முக்கியம். வருடம் மாறினால் காரின் மறுவிற்பனை மதிப்பு குறையும் என்பதால்தான் அந்தத் தள்ளுபடி. அதைத் தெரிந்தே வாங்கினால் லாபம். தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். பணம் முழுவதையும் கட்டும் முன் சேசிஸ் எண்ணை வாங்கி, காரை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு கல்யாணம்... 250 பேர்!

அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் செவர்லே ஷோரூம் ஒன்றில் வேலை பார்த்தவர் ஜோ ஜிரார்ட். 1963 முதல் 1978 வரை 15 வருடத்தில் 13,001 கார்களை விற்றவர். 1973-ல் மட்டும் 1,425 கார்கள். கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தவர்.

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கோ இறுதிச் சடங்குக்கோ சுமார் 250 பேர் வருவார்கள். எனவே ஒரு வாடிக்கையாளரைப் பகைத்துக்கொண்டால் 250 பேரிடம் கெட்ட பெயர். நம்ம ஊர் கல்யாணத்துக்கு 250 என்பது பந்தியில் ஒரு வரிசைக்குக்கூட வராது! அதோடு இப்போது வாட்ஸ்அப் குரூப்பும் கூகுள் ரிவ்யூவும் சேர்ந்துவிட்டன.

ஜிரார்ட் தன் வாடிக்கையாளர்களுக்கு மாதம்தோறும் வாழ்த்து அட்டை அனுப்பினார். கார் வாங்கச் சொல்லி அதில் எதுவும் இருக்காது. ஆனால் அட்டை மட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை. வண்டியில் கோளாறு என்று திரும்பி வந்தவருக்காக சர்வீஸ் பிரிவில் தானே போய் நிற்பதையும் அவர் வழக்கமாக வைத்திருந்தார். இன்று பல ஷோரூம்கள் பிறந்தநாள் மெசேஜ் மட்டும் அனுப்புகின்றன. சர்வீஸ் சென்டரில் போனை யாரும் எடுப்பதில்லை.

தவறு நடந்தபோது லெக்ஸஸ் என்ன செய்தது?

டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸ் 1989-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. சில மாதங்களிலேயே பிரேக் விளக்கு, க்ரூஸ் கன்ட்ரோல் தொடர்பான புகார்கள் வந்தன. வந்தது வெறும் இரண்டு புகார்கள். ஆனாலும் அதுவரை விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்பப் பெற்றுச் சரிசெய்ய முடிவெடுத்தது நிறுவனம்.

புது பிராண்டுக்கு இது கெட்ட பெயராகத்தான் முடிந்திருக்க வேண்டும். டீலர்கள் அதை மாற்றினார்கள். உரிமையாளர்களுக்குத் தனித்தனியாகப் போன் செய்து, வீட்டுக்கே போய் காரை எடுத்து வந்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். ஷோரூம் இல்லாத ஊர்களுக்கு டெக்னீஷியன்கள் தேடிப் போனார்கள். சுமார் 3 வாரத்தில் வேலை முடிந்தது. "இவங்களை நம்பலாம்" என்ற பெயர் அந்த 3 வாரத்தில்தான் கிடைத்தது.

ஆனால் நட்பு மட்டும் போதுமா?

போதாது. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய 'சாட்டர்ன்' பிராண்டின் கதை அதற்கு உதாரணம். பேரம் இல்லாத ஒரே விலை, அழுத்தம் தராத விற்பனையாளர்கள் என்று அமெரிக்காவில் பெயர் வாங்கியது. 1994-ல் டென்னசி மாநிலத்தில் உள்ள தன் தொழிற்சாலைக்கு உரிமையாளர்களை விருந்துக்கு அழைத்தபோது சுமார் 44,000 பேர் வந்தார்கள். ஒரு திருவிழா மாதிரி.

ஆனால் நேரத்துக்குப் புது மாடல்கள் வரவில்லை. போட்டி கார்கள் முன்னே போய்விட்டன. 2010-ல் அந்த பிராண்டே மூடப்பட்டது. பழகிய முகத்துக்காக ஒரு முறை வாங்கலாம். கார் சரியில்லை என்றால் அடுத்த முறை வேறு இடம்தான்.

நம்பிக்கையின் நிஜமான இடம் சர்வீஸ் கவுன்ட்டர்

ஷோரூமில் கார் பார்க்கப் போவது சில நாட்கள். சர்வீஸுக்குப் போவது வருடக்கணக்கில். நல்ல சர்வீஸ் சென்டருக்குச் சில அடையாளங்கள் உண்டு:

- வேலை தொடங்கும் முன் ஜாப் கார்டில் தோராய மதிப்பை எழுதிக் கொடுப்பார்கள்
- இடையில் கூடுதல் வேலை வந்தால் போன் செய்து சம்மதம் கேட்பார்கள்
- மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டால் காட்டுவார்கள்
- "இது இப்போ வேண்டாம் சார், அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்" என்று சொல்லத் தயங்க மாட்டார்கள்

கடைசி அடையாளம்தான் ரொம்ப முக்கியம். தனக்கு வர வேண்டிய பில்லைத் தானே குறைத்துக்கொள்ளும் அட்வைசரை, அடுத்த முறை வாடிக்கையாளர் பெயர் சொல்லித் தேடுவார்.

இங்கே ஷோரூம்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. விற்பனையாளர்களும் அட்வைசர்களும் அடிக்கடி வேலை மாறுகிறார்கள். பழகிய அண்ணன் போய்விட்டால், அவர் வாயால் கொடுத்த வாக்கும் கூடவே போய்விடுகிறது. "ஃப்ரீயா மேட் தர்றேன்னாரே" என்று கேட்டால், "அவர் இப்போ இங்க இல்லையே" என்பார்கள். சொன்னதை எல்லாம் ஆர்டர் படிவத்தில் எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

பழக்கம் இருந்தாலும் ரசீது வேண்டும்

- புக்கிங் பணத்தை டீலர் நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். "என் ஜிபேக்கு போடுங்க சார், நான் கட்டிடுறேன்" என்றால் மறுத்துவிடுங்கள்
- புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்
- காரை பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். பெயின்ட், டயர், ஓடிய கிலோமீட்டர், இரண்டு சாவிகள் எல்லாவற்றையும் சரிபாருங்கள்
- பதிவு ஆகாமல் காரை வெளியே எடுக்காதீர்கள். நல்ல நேரம் போய்விடும் என்ற அவசரத்தில் நடக்கும் தவறு இது

பிரச்சினை வந்தால் எங்கே போவது?

முதலில் ஷோரூம் மேலாளரிடம் மின்னஞ்சலில் புகார். பதில் இல்லை என்றால் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இங்கேயே வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாக ஆன்லைனிலும் முடியும். பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது காரை ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பின்னால் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே பில்லோடு நிற்பவர்களிடம் "இங்க எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.