கைமாறும் கடிதமும் கணக்கேடும்



பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தம்பி, கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் இருக்கும் தம் தமக்கைக்குக் கடிதம் எழுதி அஞ்சல் பெட்டியில் போடுகிறார். அது அக்காள் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் பலர் கைகளுக்கு மாறுகிறது. அவர்களில் ஒருவர் தவறினாலும் கடிதம் வழியிலே நின்றுவிடும். அப்படி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்பவரே அஞ்சல் பரிசோதகர். அவருடைய கடமைகளைப் பற்றி இன்று சிறிது அறிந்துகொள்வோம்.

பிரிக்பீல்ட்ஸுக்கும் அஞ்சலுக்கும் ஓர் உறவு உண்டு. அவ்வூரின் முதன்மைச் சாலை துன் சம்பந்தனாரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1960-களில் நம் நாட்டின் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக விளங்கியவர் அவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் புகைவண்டி ஓடத் தொடங்கியது 1886-ஆம் ஆண்டில். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரையில் அந்தப் பாதை அமைந்தது. அஞ்சல் சேவை நெடுங்காலம் அரசாங்கத் துறையாக நடைபெற்று, 1992-ஆம் ஆண்டில் நிறுவனமாக மாற்றப்பட்டது. பதவிப் பெயர்கள் மாறியிருக்கலாம். பரிசோதிக்கும் வேலை மட்டும் மாறவில்லை.

முதலாவது, பிரித்தல். பெட்டியிலிருந்து எடுத்த கடிதங்களுக்குத் தேதி முத்திரை இட்டு, ஊர்வாரியாகப் பிரிக்கிறார்கள். இதற்குத் துணையாவது ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டு எண். பிரிக்பீல்ட்ஸுக்கு 50470, கிள்ளான் நகருக்கு 41000, காப்பாருக்கு 42200. முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே கடிதம் எந்த வட்டாரத்துக்கு உரியது என்பது விளங்கிவிடும். தமிழ்நாட்டிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஆறு இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு எண்கள் யாவும் 6 என்னும் இலக்கத்தில் தொடங்குகின்றன. இன்று பெரிய நிலையங்களில் இயந்திரங்களே எண்ணைப் படித்துப் பிரிக்கின்றன. ஆயினும் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் இயந்திரமும் தவறான வழியில்தான் அனுப்பும். வழிதவறி வந்த கடிதங்களை எடுத்துப் பார்த்து, பிழை எழுதியவருடையதா, பிரித்தவருடையதா என்று காண்பது பரிசோதகரின் வேலை. ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால், பிரிப்பவருக்கு அதை எடுத்துச் சொல்லித் திருத்தவேண்டும்.

இரண்டாவது, தேதி முத்திரை. பார்வைக்கு இது சிறிய காரியம். ஆனால் கடிதத்தின் பிறந்த நாளைச் சொல்லும் சாட்சி இதுவே. முத்திரையில் நாள் சரியாக மாற்றப்பட்டிருக்கிறதா, எழுத்துகள் தெளிவாக விழுகின்றனவா என்று சோதிப்பதற்காக, நாள்தோறும் அதை ஓர் ஏட்டில் பதித்து வைக்கும் வழக்கம் அஞ்சல் நிலையங்களில் இருந்து வந்திருக்கிறது. பரிசோதகர் வரும்போது அந்த ஏட்டையும் புரட்டிப் பார்ப்பார்.

மூன்றாவது, கணக்கேடு. பதிவுத் தபாலுக்குத் தனி எண் உண்டு. ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்குப் போகும்போது, அந்த எண்கள் பட்டியலில் எழுதப்பட்டுப் பையுடன் செல்லும். பெற்றுக்கொள்பவர் பையின் முத்திரை கெடாமல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். பிறகு பட்டியலுடன் ஒவ்வொன்றாய் ஒப்பிட்டுக் கையெழுத்திடுவார். பத்து என்று எழுதியிருந்து ஒன்பது மட்டும் வந்திருந்தால், அப்பொழுதே குறித்துத் தெரிவிக்கவேண்டும். மறுநாள் சொன்னால் பொறுப்பு யாருடையது என்று காண்பது கடினம். இன்று பார்கோடு வந்து, கையெழுத்தின் வேலையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் தத்துவம் ஒன்றுதான்: கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எப்பொழுது என்று ஒவ்வொரு கைமாற்றமும் எழுத்தில் நிற்கவேண்டும். இந்தச் சங்கிலியில் அறுந்த கண்ணி எது என்று கண்டுபிடிப்பவரே பரிசோதகர்.

இந்தச் சங்கிலியின் அருமையை நாம் உணர்ந்தது ஒரு துயரத்தின் வாயிலாகத்தான். பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய தோட்டத்தில், பால்மரம் வெட்டும் தாயாரின் மகள் ஒருத்தி தாதிப் பயிற்சிக்கு மனுச் செய்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அவள் கையில் கிடைத்தபோது, தேர்வு முடிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. அஞ்சல்காரர்மேல் எல்லாருக்கும் கோபம். நாம் அந்த உறையை எடுத்துக்கொண்டு பட்டணத்து அஞ்சல் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த மூத்த அலுவலர் உறையின் முத்திரையைப் பார்த்தார். தோட்டத்துக்குரிய தபால் பையை யார் என்றைக்கு வாங்கினார் என்ற ஏட்டையும் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் நாள் தவறாமல் பை வாங்கப்பட்டிருந்தது. தபால் வந்து சேர்ந்தது உரிய காலத்தில்தான்; தங்கியது தோட்டத்து அலுவலக மேசை இழுப்பறையில்! யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததன்று. பையைத் திறந்த பிறகு எழுதி வைப்பதற்கு அங்கே ஏடு இல்லை, அவ்வளவுதான்.

நேயர்களே, இதிலுள்ள பாடத்தைக் கவனியுங்கள். தபால் பை தோட்டத்து ஆள் கைக்கு வரும்வரை கையெழுத்து இருந்தது. அதற்குப் பிறகு, அலுவலகத்திலிருந்து லயத்து வீடு வரையிலான அரைக் கல் தூரத்துக்கு எந்தக் கையெழுத்தும் இல்லை. அந்த அரைக் கல் தூரத்தில்தான் ஒரு பெண்ணின் வாய்ப்பு தொலைந்தது.

அதன்பின் தோட்டத்துப் பெரிய கிராணியாரிடம் பேசி, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைத் தொடங்கினோம். வந்த நாள், பெயர், வாங்கியவர் கையொப்பம் என்று மூன்றே பத்திகள். அரசாங்க முத்திரையுள்ள உறைகளை அன்று மாலையே பள்ளிப் பிள்ளைகள் மூலம் தெரிவித்தோம். படிக்காத பெரியவர்கள் பெருவிரல் பதித்து வாங்கினார்கள். செலவு சில காசுகள்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். பழைய முகவரிக்குப் போகும் கடிதம் அனுப்பியவரிடமே திரும்பிவிடும். அனுப்பியவர் முகவரியும் இல்லாவிட்டால் அதன் கதி என்ன? ஆகவே வீடு மாறியவர்கள் அரசாங்க அலுவலகங்களுக்கும் வங்கிக்கும் பள்ளிக்கும் புதிய முகவரியைத் தாமதமின்றித் தெரிவிக்கவேண்டும். முகவரியில் வீட்டு எண்ணையும் குறியீட்டு எண்ணையும் தெளிவாக எழுதவேண்டும். உறையின் பின்புறம் தம் முகவரியையும் எழுதவேண்டும். கடிதம் தாமதமானால் உறையைக் கிழித்தெறியாமல் பத்திரப்படுத்தவேண்டும். பரிசோதகருக்கு அதுவே முதல் சாட்சி.

அஞ்சல் பரிசோதகர் தம் ஏட்டைக் கண்ணுங்கருத்துமாய்க் காக்கிறார். அவருடைய பார்வை எட்டாத கடைசி அரைக் கல் தூரத்துக்கு நாமே பரிசோதகர்கள்.